கணக்கு நாளில் வரும் காய்ச்சல்

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் இறங்கியதும் கேட்பது ஒரே கேள்விதான்: கல்லறை எங்கே? வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய உலாந்தாக்காரர் கல்லறை, அதாவது டச்சுக்காரர் கல்லறை. அதைச் சுற்றிப் பார்த்து, படம் பிடித்து, இறால் வறுவல் தின்றுவிட்டுப் பொன்னேரி பஸ் ஏறிவிடுவார்கள். செத்துப்போன உலாந்தாக்காரர் மேல் இருக்கிற அக்கறையில் பாதிகூட, அவர்களுக்கு மீன் விற்ற எங்கள் ஆட்கள் மேல் ஒருவருக்கும் கிடையாது. இதில் எனக்குக் கோபம் உண்டு. கோபப்பட்டு என்ன செய்ய, கதை சொல்ல வேண்டியதுதான்.

கோட்டையில் உலாந்தாக் கொடி பறந்த காலத்தில் எங்கள் குப்பத்தில் வேலம்மா என்று ஒருத்தி இருந்தாள். ஏரியிலிருந்து படவு கரை சேர்ந்ததும் பங்கு பிரிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். வலைக்கு இவ்வளவு, படவுக்கு இவ்வளவு, கழி தள்ளியவனுக்கு அரைக்கால், கோயிலுக்கு வீசம் என்று வாயாலேயே பிரித்துச் சொல்லிவிட்டு, தன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள். அவள் பிரித்த பங்கில் சண்டை வந்ததில்லை. ஊரில் அவள் பெயரே கணக்கு வேலம்மா.

ஆனால் அதே வேலம்மாவின் கையில் ஓர் ஓலையைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பாள். அ என்ற எழுத்தும் தெரியாது, தன் பெயரும் எழுதத் தெரியாது. இது எப்படி? கணக்கு படித்தவர்கள் எழுத்தும் படித்திருப்பார்கள். எழுத்து மட்டும் தெரிந்து கணக்கு வராதவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு, நானே ஒருவன். கணக்கு மட்டும் தெரிந்து எழுத்தே தெரியாதவளை எங்கே பார்ப்பது? பள்ளிக்கூடத்துக்குப் போனாளா, போகவில்லையா? குப்பத்தில் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "அது காய்ச்சல் குடுத்த படிப்பு." இதைக் கேட்டபிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டுக் கேட்டுச் சேர்த்ததைச் சொல்கிறேன்.

வேலம்மாவின் நைனா சிங்காரம் வலைக்காரன். அம்மா பச்சையம்மா மீன்கூடை சுமந்து கோட்டைத் தெருவில் விற்பவள். வேலம்மாவுக்கு ஒரு தம்பி, துளசிங்கம். அவனுக்கு முறைக் காய்ச்சல். ஒரு நாள் காய்ச்சல், இரண்டு நாள் ஓய்வு, மறுபடியும் காய்ச்சல். வருகிற நாளில் காலையில் ஓடி விளையாடிக்கொண்டிருப்பான். கோட்டையில் உச்சிமணி அடிக்கும் நேரத்துக்கு உதடு நீலம் பாரிக்கும், உடம்பு தூக்கிப் போடும், பிறகு கொதிக்கும், சாயங்காலம் வியர்த்துக் கொட்டித் துவண்டுவிடுவான். மறுநாள் எழுந்து சோறு கேட்பான். நிலவேம்புக் கஷாயம் குடித்துக் குடித்து அவன் நாக்குக்கு வேறு ருசியே தெரியாமல் போனது. மழைக்காலம் போய் வெயில் வந்தது, காய்ச்சல் போகவில்லை.

வயிறு வீங்கி, கைகால் குச்சியாக இருந்த அந்தப் பிள்ளையால் வலை இழுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குப்பத்தில் வலை இழுக்காத ஆண்பிள்ளைக்குப் பிழைப்பு ஏது? பச்சையம்மா கூடை சுமக்கும்போது ஒன்றைக் கவனித்திருந்தாள். துணிக் கிடங்குகளில் நிழலில் உட்கார்ந்து ஓலை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் நோஞ்சான்கள்தான். அவர்களும் சாப்பிடத்தான் செய்தார்கள். "எம்புள்ள கையில வலை நிக்காது, எழுத்தாணி நிக்கும்" என்று அவள் முடிவு கட்டி, ஏரிக்கு அக்கரையில் ஒரு துணிக் கிடங்கின் பின்கொட்டகையில் நடந்த சீனிவாச வாத்தியார் பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்த்துவிட்டாள்.

இங்கே பாடு பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல் கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை விரித்தால் மீன் கிடைக்காது, மண்டைதான் உடையும். அதனால் வலைக்காரர்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்து, இன்று ஒரு கூட்டம், நாளை ஒரு கூட்டம், மறுநாள் ஒரு கூட்டம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அது அமாவாசைக்கும் நிற்காது, ஆடிக்கும் நிற்காது. குப்பத்தில் யாரும் கிழமை பார்க்க மாட்டார்கள், "இன்னிக்கு யார் பாடு?" என்றுதான் கேட்பார்கள்.

வாத்தியாருக்குச் சம்பளத்தில் பாதி அரிசி, பாதி மீன். எந்தக் கூட்டத்தின் பாடோ அந்தக் கூட்டம் அன்று அவர் வீட்டுக்கு மீன் அனுப்பும். மனிதர் பாடம் நடத்துவதையும் அதோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். முதல் கூட்டத்து மீன் வந்தால் எழுத்து, இரண்டாம் கூட்டத்து மீன் வந்தால் கணக்கு, மூன்றாம் கூட்டத்து மீன் வந்தால் செய்யுள். குழம்புச் சட்டியைப் பார்த்துப் பாடம் நடத்தும் வாத்தியார் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அவருக்கும் மறக்கவில்லை, பிள்ளைகளுக்கும் மறக்கவில்லை. விடுமுறை விட்டாலும் பாடு ஓடிக்கொண்டிருந்ததால் பாடமும் அதன்கூடவே ஓடியது.

துளசிங்கம் எழுத்து நாளில் வந்தான். செய்யுள் நாளில் வந்தான். கணக்கு நாளில் வரவே இல்லை, அன்று உச்சிக்குக் காய்ச்சல் என்று அம்மா காலையிலேயே நிறுத்திவிடுவாள். ஒரு முறை, இரண்டு முறை என்றால் விடலாம். கணக்கென்றால் மட்டும் காய்ச்சல் வரும் பிள்ளையை எந்த வாத்தியார் நம்புவார்?

"ஏண்டா, வாய்ப்பாடுன்னா உனக்குக் குளிருதா?" என்று கேட்டு, வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். அவன் விழிப்பான். பிரம்பு விழும். பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு "கணக்குக் காய்ச்சல், கணக்குக் காய்ச்சல்" என்று கத்துவார்கள். அடிக்காக அவன் அழவில்லை. நிஜமாகவே வரும் காய்ச்சலைப் பொய் என்கிறார்களே என்றுதான் படவில் வரும் வழியெல்லாம் அழுதான். கடைசியில் வாத்தியார் பச்சையம்மாவைத் தெருவில் நிறுத்திச் சொல்லிவிட்டார்: நவராத்திரி முடிவில் வரும் மகாநோன்பு அன்று பெற்றவர்கள் முன்னால் வாய்ப்பாடு ஒப்பிக்காத பிள்ளைக்குத் தன் பள்ளிக்கூடத்தில் இடமில்லை.

சொன்னவருக்கே மனம் உறுத்தியிருக்க வேண்டும். அல்லது திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க ஆசைப்பட்டிருக்க வேண்டும். ஒரு கணக்கு நாளில் மூத்த பிள்ளையிடம் கொட்டகையை ஒப்படைத்துவிட்டு, மீன்காரிகள் திரும்பும் படவில் ஏறிக் குப்பத்துக்கே வந்து இறங்கினார். துளசிங்கம் குடிசைக்கு வெளியே உட்கார்ந்து மட்டி ஓடுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். வாத்தியாருக்கு ஏக சந்தோஷம்.

"காய்ச்சலா உனக்கு? எங்கடா காய்ச்சல்?"

"இன்னும் வர்ல ஐயா. இனிமேதான் வரும்" என்றான் பையன்.

அந்தப் பதிலைக் கேட்டு அவர் பிரம்பைத் தேடினார். அதற்குள் கோட்டையில் மணி அடித்தது. பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்ப் பாயில் படுத்தான். கொஞ்ச நேரத்தில் பல் கிட்டிக்கொண்டது. பாய், அதன்மேல் கோணி, அதன்மேல் நைனாவின் பழைய வலை எல்லாம் சேர்ந்து ஆடின. சீனிவாச வாத்தியார் தோளில் இருந்த துண்டையும் எடுத்து அவன்மேல் போட்டார்.

வாத்தியார் ஏரி தாண்டி வந்தது குப்பத்துக்குப் பெரிய சேதி. ஊருக்குத் தலைவரான நாட்டார் சின்னதம்பி வந்துவிட்டார், அவர் பின்னால் வேலை இல்லாதவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

"நேத்து நல்லாத்தானே இருந்தான்?" என்றார் வாத்தியார்.

"நேத்தும் நல்லா இருந்தான், நாளைக்கும் நல்லா இருப்பான், நாளான்னிக்கும் நல்லா இருப்பான். அப்பால திரும்ப வரும்" என்றாள் பச்சையம்மா. "இதத்தானே நான் அன்னிலேர்ந்து சொல்லிக்கினு கீறேன்."

"அது சரி. கணக்கு நாளாப் பார்த்து வருதே, அது எப்படி? இன்னிக்குக் கணக்குன்னு காய்ச்சலுக்கு யார் சொன்னது?"

கூட்டத்தில் ஒரு கிழவன் பேய் என்றான், வாத்தியார் மேல் பிள்ளைக்கு இருக்கும் பயம் என்றாள் ஒருத்தி. சின்னதம்பி நாட்டார் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"இன்னிக்கு யார் பாடு?"

"ரெண்டாங் கூட்டம்" என்றார்கள்.

"போன வாட்டி இவன் படுத்தானே, அன்னிக்கு?"

"அன்னிக்கும் ரெண்டாங் கூட்டந்தான்."

"அதுக்கு முன்ன?"

பச்சையம்மா விரல் மடக்கிப் பார்த்தாள். "அதே கூட்டந்தான், மாமா."

"அடி செருப்பால! காய்ச்சலும் ரெண்டாங் கூட்டத்துல சேந்துக்கிச்சுடா!" என்றார் நாட்டார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வாத்தியாரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, பாயில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளையின் தலையைத் தடவினார். "உன்னை அடிச்சது தப்புடா" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவர் நல்ல வழியும் சொன்னார். கணக்கை ஒரு நாள் தள்ளிவைத்துவிடலாம், காய்ச்சல் நாளில் செய்யுளை வைத்துக்கொள்ளலாம். செய்யுள் போனால் போகட்டும், பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் கிடைக்கும். இதைவிடச் சுலபமான வழி உண்டா? கேட்ட குப்பத்து ஆட்களுக்கு முகம் செத்துவிட்டது.

"இன்னா வாத்தியாரே, ரெண்டாங் கூட்டத்து நாள மூணாங் கூட்டத்துக்குத் தூக்கிக் குடுக்கறதா?" என்றார் நாட்டார்.

"நான் மாத்தறது பள்ளிக்கூடத்துல. ஏரியில இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான். நாள முறை கட்டியாச்சுன்னா கட்டியாச்சு. ஒருத்தன் படுத்துக்கினான்னு ஊர் முறைய நவுத்தினா, நாளைக்கு ஆளாளுக்கு வவுத்து வலின்னு வருவான். வெட்டுக் குத்துல போய் நிக்கும்."

பள்ளிக்கூடத்துச் செய்யுளுக்காக யார் யாரை வெட்டப் போகிறார்கள் என்று வாத்தியாருக்குப் புரியவில்லை. எனக்கும் இன்றுவரை புரியவில்லை. ஆனால் குப்பத்தில் அதுதான் சட்டம், சட்டத்துக்கு மறுபக்கமும் இருந்தது. பாடு நாள் நகராது என்றால், படுத்துக்கிடப்பவனின் பங்கும் அழியாது. அவன் வீட்டிலிருந்து ஓர் ஆள் அவன் பேரிலேயே போய் வலை பிடிக்க வேண்டும். பங்கு அவன் பாய்க்கு வந்து சேர வேண்டும்.

"இவன் வூட்டு ஆள் ஒண்ணு இவன் பேர்ல போய்க் குந்தட்டும். கத்துக்கினு வந்து இவனாண்ட குடுக்கட்டும்" என்றார் நாட்டார்.

வீட்டு ஆள் யார்? சிங்காரம் வலையில், பச்சையம்மா கூடையில். எல்லோர் கண்ணும் குடிசை ஓரத்தில் நண்டுக் காலை ஒடித்துக்கொண்டிருந்த வேலம்மாவிடம் போய் நின்றது.

"பொம்பளைப் பிள்ளையா?" என்றார் வாத்தியார்.

"வூட்டு ஆளா இல்லியா? அவ்ளோதான் கேள்வி" என்றார் நாட்டார்.

ஒரு பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா என்று தனியாகக் கேட்டிருந்தால் இதே நாட்டார் எட்டி உதைத்திருப்பார். பாடு என்று வந்தபிறகு அவருக்கு அது கண்ணில் படவே இல்லை.

இப்படித்தான் வேலம்மா மூன்று நாளுக்கு ஒருமுறை கழி ஊன்றிப் படவு தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். தம்பியின் இடத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் வாத்தியார் "துளசிங்கம்" என்று கூப்பிட, அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பையன் விலாவில் இடித்த பிறகுதான், அது தான்தான் என்று நினைவு வந்து "கீறேன்!" என்று கத்தினாள். கொட்டகையே சிரித்தது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பெயரைத் தவறவிடவில்லை.

அவளுக்குக் கணக்கு பிடித்துப் போயிற்று. எப்படிப் பிடித்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நண்டு ஒளிந்திருக்கும் வளையில் கைவிட்டுத் துழாவுகிறவளுக்கு, உள்ளே இன்னும் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை இருக்கும் அல்லவா, அது போலத்தான் இருக்க வேண்டும். பாதிக்கு அரை என்று பெயர். அதில் பாதி கால். அதில் பாதி அரைக்கால். அதில் பாதி வீசம். ஒவ்வொரு துண்டுக்கும் யாரோ உட்கார்ந்து பெயர் வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அதுக்கும் கீழ, ஐயா?"

"முந்திரி இருக்கு."

"அதுக்கும் கீழ?"

"கீழ்முந்திரி. அதுக்கும் கீழே இம்மி."

"இம்மியையும் ஒடச்சா?"

"உனக்கு என்ன அவசரம், துளசிங்கம்? முதல்ல அரைக்கால் வாய்ப்பாட்டைச் சொல்லு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், வியர்த்துத் துவண்டு கிடக்கும் தம்பியின் பாய் ஓரத்தில் மட்டி ஓடுகளைப் பரப்பி, பங்கைக் கொடுத்துவிடுவாள். அவன் கண்ணை மூடிக்கொண்டே திருப்பிச் சொல்வான். வாத்தியார் கொடுத்த குட்டையும் ஒன்று விடாமல் அவன் தலையில் கொடுப்பாள். பங்கு என்றால் முழுப் பங்கு, அவள் எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அவன் பதிலுக்கு "அக்கா, எழுத்து சொல்லித் தரவா?" என்று கேட்டிருக்கிறான். "அது உன் நாளுதுடா. நான் கை வச்சா தப்பு" என்று சொல்லிவிட்டாள். நாட்டாரின் சட்டத்தை நாட்டாரைவிடக் கெட்டியாகப் பிடித்தவள் அவள். எழுத்து வராமல் போனதற்கு இதுதான் காரணம், வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

மகாநோன்பு வந்தது. நல்லவேளை, அன்று காய்ச்சலின் பாடு இல்லை. பெற்றவர்கள் முன்னால் துளசிங்கம் எழுந்து நின்று வாய்ப்பாட்டைத் தங்குதடையில்லாமல் ஒப்பித்தான். பச்சையம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வாத்தியார் அவன் கையில் புது எழுத்தாணியைக் கொடுத்தார். அவன் இடம் நிலைத்தது.

மழைக்காலம் கழிந்து தை பிறந்த சமயத்தில், ஒரு கணக்கு நாளில் வேலம்மா பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது தம்பி கரையில் நின்று கை ஆட்டினான். மணி அடித்தும் குளிர் வரவில்லையாம். அடுத்த முறையும் வரவில்லை. அதற்கு அடுத்த முறையும் வரவில்லை. ஆனாலும் நம்பாமல் பச்சையம்மா அந்த இரண்டு முறையும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு பெண்ணைத்தான் அனுப்பினாள். பிறகு நம்பினாள். எல்லையம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். வாத்தியாருக்கும் ஒரு தூக்கு அனுப்பினாள். கஷாயச் சட்டியை வேலம்மாவே ஏரியில் கொண்டுபோய் வீசிவிட்டு வந்தாள். அவள் சந்தோஷம் பொய்யில்லை. தம்பியைத் தூக்கிச் சுற்றினாள்.

"அப்பாடா. இனிமே உனக்கும் அலைச்சல் இல்ல. நாளையிலேர்ந்து எப்பவும் போல நண்டு புடிக்கப் போ" என்றாள் அம்மா.

வேலம்மா தலையை ஆட்டினாள். கவிழ்த்துப் போட்டிருந்த படவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். தம்பி பிழைத்ததற்கு அழுகிற அக்கா உலகத்தில் உண்டா என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டு அழுதாள். இம்மியை உடைத்தால் என்ன ஆகும் என்று வாத்தியார் இன்னும் சொல்லவில்லை. இனி யார் சொல்லப் போகிறார்கள்? தேடிக்கொண்டு வந்த துளசிங்கம் படவின் இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனான்.

அடுத்த இரண்டாம் கூட்டத்து நாள் விடிந்தது. பச்சையம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே பல் கிட்டும் சத்தம் கேட்டது. பதறிக்கொண்டு ஓடினாள். துளசிங்கம் கோணியையும் பழைய வலையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூக்கித் தூக்கிப் போட்டான்.

"இன்னாடா ஆச்சு? மணிகூட அடிக்கலியே?"

"குளுருதும்மா."

பச்சையம்மா அவன் நெற்றியில் கை வைத்தாள். பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. கழுத்தில் வைத்தாள், வயிற்றில் வைத்தாள். எங்கும் சூடில்லை. அவன் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பச்சையம்மா திரும்பினாள். வாசலில் நண்டுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலம்மா நின்றாள்.

பானையை வாங்கிக் கீழே வைத்தாள் அம்மா. "இன்னாடி நின்னுக்கினு கீற? தம்பிக்குக் காய்ச்சல். படவு எடு, பாடு தவறப் போவுது."

அன்று பள்ளிக்கூட வாசலில் அவளைப் பார்த்ததும் சீனிவாச வாத்தியார் கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தார். காய்ச்சல் போனதற்கு வைத்த பொங்கல் அவர் வயிற்றில் ஜீரணமாகியே சில நாள்தான் ஆகியிருந்தது. கணக்குக் காய்ச்சல் என்று ஒருகாலத்தில் பிரம்பை எடுத்தவர் அவர். எப்போதும் கூப்பிடுகிற குரலில் "துளசிங்கம்" என்றார்.

"கீறேன்" என்றாள் வேலம்மா.

இக்கரையில், விஷயம் கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டு முத்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "பூடுச்சுன்னு பொங்கலெல்லாம் வச்சியே?"

"வந்துடுச்சுடியம்மா, இன்னா பண்றது" என்று சொல்லிக்கொண்டே பச்சையம்மா துணியை நனைத்துப் பிள்ளையின் நெற்றியில் போட்டாள். முத்தம்மாள் உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள்.

"யம்மா, இது சில்லுனு கீது" என்றான் துளசிங்கம், போர்வைக்குள்ளிருந்து.

"சும்மா கெடடா" என்றாள் அவள். "அக்கா வர்ற வரைக்கும் உனக்குக் காய்ச்சல்தான்."